கடைசிவரைக்கும் பார்த்துக்கொள்கிறவருக்கு என் வீடு

கிரயப் பத்திரம் எழுத வருகிறவர்கள் நிலத்துக்காகச் சண்டை போடுவார்கள்; உயில் எழுத வருகிறவர்கள் மட்டும்தான் காலைக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று சண்டை போடுவார்கள்.

நான் புதுச்சேரியில் பத்திரம் எழுதுகிறவள். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் ஜபருல்லா பாய். நான் சொல்லச் சொல்ல பாய் டைப் அடிப்பார். இரண்டே விரல்தான். ஆனால் அந்த இரண்டு விரலுக்கும் தமிழ், இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் இதே அறையில்தான் இருக்கிறோம். வருகிறவர்கள் என்னைப் 'பத்திரம்மா' என்பார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் பாங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் நிறைய வீட்டுப் பிள்ளைகள் பாரீஸில் இருப்பார்கள், இல்லாவிட்டால் சென்னையில். வீடு மட்டும் இங்கே இருக்கும். அதற்குள் வயதான ஒருவர் இருப்பார். அவர் ஒருநாள், "என்னைக் கடைசிவரைக்கும் யார் பாத்துக்கறாங்களோ, வீடு அவங்களுக்கு" என்று அறிவிப்பார். மறுநாளே ஒரு தூரத்துச் சொந்தமோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆட்டோ பிடித்து அவரை எங்களிடம் கூட்டி வந்துவிடுவார். இதில் ஒரே ஒரு சிக்கல்தான். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பார்த்துக்கொள்கிறவரோ இன்றைக்கே சோறு போட ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் இன்றைக்குத் தருவதும் இன்னொருவர் என்றைக்கோ தரப்போவதும் ஒரே காகிதத்தில் வரவேண்டும் என்று இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

வயதானவர்களை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களும், வயதாகித் தவிக்கப் போகிறவர்களும்தான் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் விளக்கம் போதும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், வியாதிகளை மாற்றவில்லை.

திங்கட்கிழமை சங்கரா

சம்பந்தம் சார் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டையில் சொந்த வீடு. மனைவி போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். குழந்தைகள் கிடையாது. பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு வந்து தெருவில் மீன் விற்கிற அஞ்சலாட்சிதான் அவருக்கு வாடிக்கை. ஒருநாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கியவள் அவள்தான். கூடையை அதற்குள் நாய் பார்த்துக்கொண்டது. அன்றைக்கே சார் முடிவு செய்துவிட்டார். அஞ்சலாட்சி தன் மகளோடு வந்து பின்கட்டில் தங்க வேண்டும், சமைத்துப் போட வேண்டும், அவருக்குப் பின் வீடு அவளுக்கு.

இதுவரைக்கும் சுலபம். சார் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கால அட்டவணை மாதிரி எழுதியிருந்தது. திங்கள் சங்கரா, செவ்வாய் நெத்திலி, புதன் இறால் என்று போய், ஞாயிறு வஞ்சிரம் என்று முடிந்தது. "இத அப்படியே உயில்ல சேத்துடும்மா. பின்னாடி யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது" என்றார். அஞ்சலாட்சி அட்டவணையை எங்கள் பாயைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "தடைக்காலத்துக்கு இன்னா சார் பண்றது? ரெண்டு மாசம் விசைப்படகே கடலுக்குப் போவாது. வஞ்சிரத்துக்கு நானா நீந்திப் போவேன்?" என்றாள்.

"பெரிய மார்க்கெட்ல ஐஸ் மீன் வருமே?"

"நீங்க ஐஸ் மீனத் தொடுவீங்களா சார்? போன வருசம் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பினவரு இந்தப் பக்கம் திரும்பவே மூணு நாளாச்சு."

கருவாடு என்று பார்த்தால் சாருக்குப் பிரஷர். அஞ்சலாட்சி விடவில்லை. புயல் கூண்டு ஏற்றுகிற நாள், அமாவாசை, அவள் ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் கழிக்கச் சொன்னாள். "ஒரு நாள் சங்கராவுக்குப் பதிலா கானாங்கெளுத்தி வச்சதுக்கு வீடு போச்சுன்னு ஆயிடக்கூடாது பாருங்க" என்று என்னிடம் நியாயம் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய், 'துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாட்கள் நீங்கலாக' என்று அடித்துவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் தடைக்காலத்துக்கு முட்டை என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. "வேகவைத்த முட்டை என்று போடட்டுமா?" என்று கேட்டேன். சம்பந்தம் சார் பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

"வெறும் முட்டைன்னு மட்டும் போடும்மா. வேகவச்சதுன்னு எழுத்துல போட்டுட்டா, அவ அப்புறம் ரெண்டு மாசமும் அதையே புடிச்சுக்குவா!"

ஒரு வேளை

சுல்தான் பாய் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி தவறிவிட்டார். மகன்கள் மூன்று பேரும் பிரான்ஸில். பக்கத்து வீட்டில் மனைவியின் அண்ணன் மகள் மைமூன் இருந்தாள். அவள்தான் மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்தனுப்பி, மாத்திரை போட்டாரா என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்துக் கேட்கிறவள். முழு வீட்டையும் அவளுக்கு எழுத வேண்டும் என்று இருவரும் வந்தார்கள்.

எங்கள் ஜபருல்லா பாய்தான் மெல்ல எடுத்துச் சொன்னார். முஸ்லிம்கள் உயிலில் வாரிசு அல்லாதவருக்கு எழுதுவதென்றால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான் எழுதலாம். மிச்சம் வாரிசுகளுக்குப் போய்விடும். மகன்கள் பின்னால் சம்மதித்தால் கூடுதலாகத் தரலாம். "அவனுங்க சம்மதிக்கிற ரகம்னா நான் ஏன் ஆட்டோ புடிச்சு இங்க வர்றேன்?" என்றார் சுல்தான் பாய். மைமூன் விரல்விட்டு எண்ணினாள். கணக்கில் கெட்டிக்காரி. "அப்ப சரி மாமா. மூணுல ஒரு பங்கு வீடுன்னா, மூணுல ஒரு வேளை சோறு. எந்த வேளைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. சுல்தான் பாய் காலையையும் மத்தியானத்தையும் ராத்திரியையும் மனசுக்குள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "மத்தியானம்" என்றார். "ஆனா சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும்னு பத்திரத்துல போடக் கூடாது."

அதன்படியே எழுதினோம். இரண்டு மாதம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் பூக்கடைப் பக்கம் மைமூனைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். மாமாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டேன். அவர் காலையில் எழுந்ததும் பல் விளக்கிவிட்டு அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்கிறாராம். இடியாப்பத்தை மத்தியானச் சாப்பாட்டின் ஆரம்பம் என்கிறாராம். சாயங்காலக் கஞ்சியை அதே சாப்பாட்டின் கடைசி என்கிறாராம். நடுவில் எழுந்து போவது தொழுவதற்கும் தூங்குவதற்கும் மட்டும்தான். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பத்திரப்படி ஒரு வேளைதான் அக்கா. ஆனா அந்த ஒரு வேளை இன்னும் முடியல."

சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்

ராஜாமணி அம்மாள் என்னிடம் ஐந்து உயில் எழுதியவர். ஐந்திலும் வீடு ஒரே வீடு, ஆள்தான் மாறும். தம்பி மகள் கீதா கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள். சாம்பாரில் காரம் கூடினால் வீடு கோயிலுக்குப் போகும். கால் பிடித்துவிட்டால் மறுபடி கீதாவுக்கு வரும். கீதாவுக்குப் பகலில் வேலை எங்கள் அறைக்கு நேர் எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில். அத்தையின் உயில்களுக்கு அவளே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆறாவது தடவை அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கி, கையிலிருந்த பத்திரப் பையைத் தெருவுக்குத் தெரிகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்தேன். "எழுத வேணாம்மா. ஒவ்வொரு தடவையும் எழுதி என்னாத்துக்கு? எழுதற மாதிரி கைய ஆட்டு, போதும். நான் சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்றார். எனக்கு அன்றைக்கு வேறு கிராக்கி இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வீட்டு மளிகைச் சாமான்களை எழுத ஆரம்பித்தேன். அம்மாள் நடுநடுவே எதிர்க்கடையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், 'சர்வே நம்பர்' என்று உரக்கச் சொன்னார். துவரம்பருப்பு எழுதி முடிப்பதற்குள் கீதா பிளாஸ்க்கில் டீயோடு ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடிவந்துவிட்டாள். "அத்தை, வெயில்ல வந்திருக்கீங்களே, சொல்லியிருந்தா நானே கூட்டியாந்திருப்பேன்ல?" என்று முந்தானையால் விசிறினாள். அம்மாள் அவளைத் திரும்பிப் பார்க்காமலே டீயை வாங்கிக் குடித்தார். அவள் டம்ளரை அலசப் போன நேரம் பார்த்து என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் எழுதும்மா, வடை வரும்."

கேரண்டி

பார்த்துக்கொள்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோவிந்தன் என்று ஒருவர், படுத்த படுக்கையாக இருக்கிற சித்தப்பாவை மூன்று வருஷமாகத் தூக்கி உட்காரவைத்து, சவரம் செய்து, பேப்பர் படித்துக் காட்டி வருகிறவர். சித்தப்பாவுக்கு உடம்பில் நன்றாக வேலை செய்வது கையெழுத்துப் போடுகிற கை ஒன்றுதான். அந்தக் கையைப் பற்றித்தான் கோவிந்தனுக்குக் கவலை. தன் பெயருக்கு அவர் எழுதிய உயிலை என் மேசைமேல் வைத்து, "இத மாத்த மாட்டாருன்னு நீங்க ஒரு கேரண்டி கார்டு குடுங்க மேடம்" என்றார்.

அப்படி ஒன்று சட்டத்தில் கிடையாது என்றேன். கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிக்ஸி வாங்கினா ரெண்டு வருசம் கேரண்டி தரான். ஒரு வீட்டுக்குத் தரமாட்டீங்களா?" என்று பெஞ்சைத் தட்டினார். நான் உயில் வேறு, திரும்ப மாற்ற முடியாத செட்டில்மென்ட் பத்திரம் வேறு என்று ஆரம்பித்தேன். எங்கள் பாய் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே விஷயத்தை முடித்துவைத்தார்.

"மிக்ஸி மனசு மாறாது தம்பி."

மூன்றாவது ஆள்

முசே அந்த்வான் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம்; 'முசே' என்பது பிரெஞ்சில் ஐயா. வயது எண்பத்தொன்பது. நிமிர்ந்த முதுகு, காலையில் கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடை. பிரான்ஸில் 'வியாஜே' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். வயதானவரின் வீட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு, அவர் சாகும்வரை மாதாமாதம் ஏதாவது கொடுத்து வரவேண்டும். அதே மாதிரி, தன்னைச் சாகும்வரை பார்த்துக்கொள்கிறவருக்கு வீடு என்று அவர் எங்களிடம் உயில் எழுதினார்.

முதல் ஆள் சேவியர், அடுத்த தெருக்காரர், ஐம்பத்திரண்டு வயது. மூன்றாவது வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். முசே கோட்டு போட்டுக்கொண்டு போய்க் கல்லறைவரை நடந்துவிட்டு, மறுவாரம் உயிலை மாற்ற வந்தார். இரண்டாவது ஆள் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர். நாலு வருஷம் தாங்கினார். முசே மறுபடி கோட்டு போட்டார், மறுபடி எங்களிடம் வந்தார். இந்தத் தடவை கூட வந்தவர் ஸ்டீபன், முப்பத்தாறு வயது, கூடவே அவர் மனைவி. அவர்கள் கையில் பெரிய கவர் ஒன்று இருந்தது. வீட்டுப் பத்திரம் என்று நினைத்துப் பிரித்தால் உள்ளே இ.சி.ஜி. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, சிறுநீர் எல்லாம் பார்த்த ரிப்போர்ட். முசே பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார். "கொழுப்பு ஜாஸ்தி. ரெண்டு மாசம் கழிச்சு வா. அப்புறம்தான் கையெழுத்து" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்திரம் எழுத வந்தவரைக் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வரச்சொன்னது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதத்தில் ஸ்டீபன் திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று இருந்தது. தினமும் விடிந்ததும் முசே அவரைக் கடற்கரைச் சாலையில் முன்னால் ஓடவிட்டு, பின்னால் கைக்கடிகாரத்தோடு நடந்திருக்கிறார். "பாத்துக்கறதா சொன்னது நாங்க மேடம். இப்ப எங்க வீட்டுல எண்ணெய் ஊத்தறதையே அவர் கிண்ணத்துல அளந்துதான் தராரு. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில பக்கத்துல வந்து உக்காந்துக்கறாரு" என்று ஸ்டீபனின் மனைவி கண் கலங்கினாள். ஏன் முசே இப்படிப் படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடிவிட்டுத்தான் சொன்னார்.

"முதல் ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கிட்டாங்க, அவங்கள யாரும் பாத்துக்கல. அதே தப்ப மூணாவது தடவ பண்ண எனக்குக் கோட்டு இல்லம்மா, கிழிஞ்சு போச்சு."

தெரியாது என்று ஒரு பத்திரம்

மதாம் ரோசாலி பிரெஞ்சு டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குருசுக்குப்பத்தில் இரண்டு அறையும் ஒரு மாமரமும் உள்ள வீடு. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை காலாப்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கூட்டிப்போகிறவர் முருகையன் என்கிற ஆட்டோக்காரர். கூட்டிப்போகிறவர் என்று சொன்னால் போதாது. வாசலிலிருந்து ஆட்டோவரை தூக்கிவருவார், நாலு மணி நேரம் வெளியே காத்திருப்பார், திரும்பும்போது இட்லி வாங்கி, சட்னியைத் தனியாக ஊற்றிக் கொடுத்து, கதவைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டுத்தான் போவார்.

ஒரு நாள் மதாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவை எங்கள் சந்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். முருகையன் அவரைத் தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, வாசல்பக்கமாக நின்றார். மதாம் என்னிடம், "வீடு முருகையனுக்கு. எழுதும்மா" என்றார். முருகையன் பாம்பை மிதித்தவர் மாதிரி உள்ளே வந்தார். "எழுதினீங்கன்னா நாளையிலேர்ந்து வரமாட்டேன்" என்றார்.

"ஏன்டா?"

"எதிர்வீட்டுக்காரன் இப்பவே கேக்கறான், இன்னா முருகையா, கெழவிய இப்படித் தாங்கற, வீடு எப்ப உன் பேருக்கு வருதுன்னு. நான் மீட்டருக்கு ஓட்டறவன். அதோட வுடுங்க."

"வீட்ட வாங்கிக்கலன்னா நான் உன் ஆட்டோல ஏறமாட்டேன்."

"ஏறாதீங்க."

"போ."

முருகையன் போகவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மதாம் சுவரைப் பார்த்தார், அவர் காலண்டரைப் பார்த்தார். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த அறையில் வீடு வேண்டும் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடு வேண்டாம் என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கால்மணி நேரம் கழித்து பாய், மதாம் மடியிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, "மதாம், பன்னெண்டு மணிக்கு டயாலிசிஸ்" என்றார். முருகையன் எழுந்து வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மதாமைத் தூக்கிக்கொண்டு போனார். மதாமும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மதாம் வேறொரு ஆட்டோவில் தனியாக வந்தார். படி ஏற முடியாமல் பாய்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். வீட்டை முருகையன் பெயருக்கு எழுதினோம். "நான் போனப்புறம் சொல்லு. முன்னாடி தெரிஞ்சா நின்னுடுவான். எனக்கு வேற யார் இருக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீக்கடையில் முருகையனைப் பார்த்தால் டம்ளரோடு திரும்பி நின்றுகொள்வேன். அவர் விடமாட்டார். பக்கத்தில் வந்து, "மேடம், மதாம் ஒண்ணும் எழுதிடலயே?" என்பார். இல்லை என்பேன். அப்பாடா என்று இரண்டாவது டீ சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்த டீக்குக் காசை நான் முந்திக்கொண்டு கொடுத்துவிடுவேன்.

மதாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முருகையன் வந்து கதவைத் தட்டுவதற்கு முன்னால் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் முருகையனை வரச்சொல்லி உயிலைக் கொடுத்தேன். அவர் தேதியைத்தான் முதலில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டு வருசமா பொய் சொல்லியிருக்கீங்க" என்றார். "உண்மையச் சொல்லியிருந்தா அவங்கள கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?" என்று கேட்டேன். "போவாம எங்க போறது? ஆனா ஒவ்வொரு நாளும் கோவமாப் போயிருப்பேன். அவங்களும் கோவமா உக்காந்துட்டு வந்திருப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார். பாய் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கு இன்னொரு பத்திரம் வேண்டும் என்றார். இந்த உயில் எழுதியது எனக்குத் தெரியவே தெரியாது, தெரியாமல்தான் இரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டினேன் என்று எழுதி நாங்கள் முத்திரை வைத்துத் தரவேண்டுமாம். கண்ணாடி பிரேம் போட்டு வாசலில் மாட்டப் போகிறாராம். அதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் அதற்குள் காகிதத்தைப் பிரின்டரில் வைத்துவிட்டார். முருகையன் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தார்.

"எழுத்து இன்னும் பெருசா வேணும் பாய், எதிர்வீட்டுக்காரனுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியணும்."

வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு, கிழக்கே கடல், மேற்கே சந்து என்று எந்தச் சொத்துக்கும் நான்கு எல்லை எழுதத் தெரிந்த எனக்கு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் எல்லை எங்கே போடுவது என்று இன்றுவரை எழுத வரவில்லை.